எல்லைக்கல்லைத் தாண்டும் தண்ணீர்: அயர்லாந்து அரசு சதுப்புகளை வாங்கியதன் படிப்பினை

அயர்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஆஃபலி மாவட்டத்தில், கிளாரா என்ற சிற்றூரை ஒட்டி, ஏறத்தாழ 460 ஹெக்டேர் பரப்பில் ஒரு பீட் சதுப்பு இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அது போர்ட் நா மோனா என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. எரிபொருளுக்காக வெட்டியெடுக்கும் நோக்கத்தில் அதன் கிழக்குப் பாதியில் வரிசை வரிசையாக வடிகால்கள் தோண்டப்பட்டன. அயர்லாந்தின் இயற்கை ஆர்வலர்களும், தம் நாட்டுச் சதுப்புகளை ஏற்கெனவே இழந்துவிட்ட நெதர்லாந்துக்காரர்களும் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். அரசு அந்த நிலத்தைப் பாதுகாப்புக்கென்றே வாங்கியது. 1987-இல் அது தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிழக்கே வெட்டிய வடிகால்களை 1990-களின் நடுப்பகுதிக்குள் அடைத்தும்விட்டார்கள். அந்தப் பாதி மெல்ல மீண்டது. வடிகாலே வெட்டப்படாத மேற்குப் பாதிதான் அதற்குப் பிறகு சீரழிந்தது. தரை அமிழ்ந்தது, ஈரம் வடிந்தது, உயிருள்ள பாசிப்பரப்பு சுருங்கியது. வாங்கியாயிற்று, சட்டக் காவலும் போட்டாயிற்று, உள்ளே ஒருவரும் மண்வெட்டியை வைக்கவுமில்லை. அப்படியும் சதுப்பு கெட்டது. இயற்கைப் பாதுகாப்புக்காக அரசு நிலம் வாங்குவதைப் பற்றி யோசிக்கிற எவரும் கிளாரா எழுப்பும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சதுப்பை அரசு வாங்குவது பல இடங்களில் தவிர்க்க முடியாதது என்பதே என் நிலைப்பாடு. ஆனால் வாங்குகிறவர்கள் எதை அளந்து வாங்குகிறார்கள் என்பதில்தான் கொடுத்த பணத்துக்குப் பலன் இருக்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது.

பீட் என்பது முழுதாக மட்காத செடிகொடிகளின் எச்சம். நீர் தேங்கிய இடத்தில் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. அதனால் ஆண்டுதோறும் மடியும் பாசி அப்படியே அடுக்காகச் சேர்கிறது. கிளாரா போன்ற மேட்டுச் சதுப்புகளில் இந்த அடுக்கு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் உயர்கிறது. ஒரு மீட்டர் பீட் என்றால் ஆயிரம் ஆண்டு. பனியுகம் முடிந்தபின் அயர்லாந்தின் சமவெளியில் எஞ்சிய ஆழமற்ற ஏரிகளும் தாழ்வுகளும் இப்படித் தூர்ந்து, பிறகு சுற்றுப்புறத்தைவிட உயரமாகக் கவிழ்த்த தட்டுப் போல எழும்பி நின்றன. அந்த உயரத்துக்கு ஆற்று நீரோ ஊற்று நீரோ எட்டாது. மழை ஒன்றே உணவு. மேற்பரப்பில் வளரும் ஸ்பாக்னம் பாசியை ஒரு பிடி பறித்துப் பிழிந்தால் நீர் தாரையாக ஒழுகும். கையில் எஞ்சுவது வெளிறிய நார்போன்ற ஒரு சிறு கற்றை. தன் உலர்ந்த எடையைப்போல் பல மடங்கு நீரை அது பிடித்து வைக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் ஆண்டின் பெரும்பகுதியும் மேற்பரப்பிலிருந்து ஒரு சாணுக்குள் நிற்க வேண்டும். அது அதற்குக் கீழே இறங்கினால் பாசி காய்கிறது, காற்று உள்ளே புகுகிறது, பல ஆயிரம் ஆண்டு மட்காமல் கிடந்தது மட்கத் தொடங்கிக் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. சதுப்பின் பருமனில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் நீர்தான். ஆகவே இங்கே நிலம் என்று நாம் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்கிற பொருள், பெரும்பாலும், பாசி தாங்கி நிற்கும் தண்ணீர்.

இந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கிளாராவின் மேற்குப் பாதிக்குத் திரும்பினால் நடந்தது விளங்குகிறது. அரசு வாங்கியது உயர்ந்து நின்ற நடுப்பகுதியை. அதன் தெற்கு விளிம்பில், தலைமுறை தலைமுறையாக பீட் வெட்டிவந்த குடும்பங்களின் துண்டு நிலங்கள் விற்பனைக்கு உள்ளாகாமல் அப்படியே இருந்தன. அங்கே வெட்டு தொடர்ந்தது. வெட்டிய முகத்தைக் காய வைக்க வடிகால்கள் தோண்டப்பட்டன. வெட்டு ஆழமாக ஆக வடிகால்களும் ஆழமாகி, பீட்டுக்கு அடியில் உள்ள களிமண்ணும் சரளையும் கலந்த படிவத்தைத் தொட்டன. சதுப்பின் அடியில் நீரைத் தாங்கி நின்ற அழுத்தம் அந்தப் படிவம் வழியாகக் கசிந்து குறைந்தது. மேலே இருந்த சதுப்பு தன் நீரைக் கீழ்நோக்கி இழந்தது. நீரை இழந்த பீட் அமுங்கியது. அமுங்கியதும் தரையின் சாய்வு மாறியது. சாய்வு மாறியதும் மழைநீர் தங்காமல் ஓடியது. பக்கத்துத் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கினால் நம் கிணறு வற்றுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றுண்டு: கிணறு அடுத்த மழையில் ஊறலாம், அமுங்கிய பீட் பழைய உயரத்துக்கு எழும்பாது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளவெடுத்து நிறுவிய இந்தப் படம், சதுப்புப் பாதுகாப்பின் அளவுகோலையே மாற்றியது. அதுவரை விளிம்பு என்பது ஏற்கெனவே கெட்டுப்போன பகுதி, காசு கொடுத்து வாங்கத் தகாதது என்றே கருதப்பட்டது. உண்மையில் நடுவைத் தாங்கிப் பிடிப்பதே அந்த விளிம்புதான்.

விளிம்பு ஏன் அரசின் கைக்கு வரவில்லை என்பதற்கு அயர்லாந்தின் நில வரலாற்றில் பதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த நிலச் சட்டங்கள், பெருநிலக்கிழார்களின் பண்ணைகளை உடைத்து உழுதவர்களுக்கே உரிமையாக்கின. குத்தகைக்காரராக இருந்து நிலச் சொந்தக்காரரான குடும்பத்துக்கு, வயலோடு சேர்த்து, அருகிலிருந்த சதுப்பின் ஓரத்தில் ஒரு பட்டையும் கிடைத்தது. நிலம் கிடைக்காதவர்களுக்குப் பிறர் நிலத்தில் பீட் வெட்டிக்கொள்ளும் உரிமையாவது கிடைத்தது. குளிர்நாட்டில் அடுப்பெரியவும் வீடு சூடாகவும் வேறு வழியில்லாதவர்களுக்கு அது வாழ்வுரிமை. ஆகவே ஒரே சதுப்பைச் சுற்றிப் பல பத்துப் பேர், சில இடங்களில் நூற்றுக்கணக்கானவர்கள், நாடாப் போன்ற துண்டுகளை வைத்திருக்கிறார்கள். நிலம் ஒருவர் பெயரில், வெட்டும் உரிமை இன்னொருவர் பெயரில். பல உரிமைகள் எந்த ஏட்டிலும் பதிவாகாமல் பாட்டன் வெட்டினார், தந்தை வெட்டினார், நான் வெட்டுகிறேன் என்ற அனுபவத்தில் மட்டும் நிற்கின்றன. வாரிசுகளில் பாதிப்பேர் கடல் கடந்து போய்விட்டவர்கள். நம் ஊரில் கூட்டுப் பட்டாவைப் பிரிக்கப் போய் அலைந்தவர்களுக்கு இந்தச் சிக்கலின் பரிமாணம் உடனே பிடிபடும்.

1992-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடப் பாதுகாப்பு நெறிமுறை வந்தது. வளர்ந்துகொண்டிருக்கும் மேட்டுச் சதுப்பு அதில் முன்னுரிமை வாழிடங்களுள் ஒன்று. அயர்லாந்து 53 மேட்டுச் சதுப்புகளைச் சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளாகக் குறித்தது. ஒரு காலத்தில் 3 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்த மேட்டுச் சதுப்பில் இன்று உயிரோடு வளர்கிற பரப்பு ஒரு விழுக்காடுகூட இல்லை என்பதை நினைத்தால், இந்தப் பட்டியலின் அருமை தெரியும். 1999-இல் அரசு இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தது. பட்டியலில் உள்ள சதுப்புகளில் வீட்டுத் தேவைக்கு வெட்டுகிறவர்களுக்குப் பத்தாண்டு விலக்கு அளித்தது. அதே வேளையில், விரும்பி முன்வருகிறவர்களிடமிருந்து நிலத்தையும் வெட்டுரிமையையும் விலைக்கு வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பலர் விற்றார்கள். ஆனால் வந்தவரிடம் வாங்கு என்ற முறையில் வாங்கினால் வரைபடம் சதுரங்கப் பலகையாகத்தான் முடியும். இங்கே ஒரு பட்டை அரசுடையது, அடுத்த பட்டையில் வெட்டு நடக்கிறது, அதற்கடுத்தது மீண்டும் அரசுடையது. நடுவில் விடுபட்ட ஒரு பட்டையின் வடிகால் இருபுறமும் உள்ள அரசு நிலத்தின் நீரை இழுக்கிறது. ஹெக்டேர் கணக்கில் திட்டம் வெற்றி. நீர் கணக்கில் தோல்வி. பட்டியலில் இருந்த சதுப்புகளிலேயே வளரும் பரப்பு 1990-களின் நடுப்பகுதி தொடங்கிய பத்தாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தப் பத்தாண்டு விலக்கை நான் கடுமையாகவே மதிப்பிடுவேன். வாங்குவதற்குக் காலம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் எந்தப் பட்டை எந்த நீரை இழுக்கிறது என்ற கணக்கைப் போட்டு, அதில் முதலில் நிற்பவர்களை முதலில் அணுகுவதற்கு அந்தக் காலம் பயன்படுத்தப்பட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

வாங்குவது எதற்கு, தடை போதாதா என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். பொது நன்மைக்குக் கேடான செயலைச் சட்டத்தால் தடுப்பதற்கு அரசு விலை கொடுக்க வேண்டியதில்லை; ஆலைக் கழிவை ஆற்றில் விடாதே என்று சொல்வதற்கு ஆலையை விலைக்கு வாங்குவதில்லை. அயர்லாந்தும் விலக்குக் காலம் முடிந்தபின் இந்த வழியைத்தான் முயன்றது. தடை வந்தது, கூடவே 2011-இல் இழப்பீட்டுத் திட்டமும் வந்தது. பீட் வெட்டுவோர் சங்கம் எதிர்த்து நின்றது. லூக் மிங் ஃபிளானகன் போன்றவர்கள் இந்த எதிர்ப்பின் குரலாகவே நாடாளுமன்றத்துக்கும், பின்னர் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் போனார்கள். சில சதுப்புகளில் காவல்துறை வந்து நிற்க, மக்கள் இயந்திரங்களோடு இறங்கினார்கள். தடை காகிதத்தில் முழுமையாகவும் களத்தில் அரைகுறையாகவும் இருந்தது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம், பீட் வெட்டைத் தடுக்கத் தவறியதற்காக அயர்லாந்தை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பும் முடிவை எடுத்தது. தடையால் இன்னொரு வேலையும் ஆகாது. பீட் வெட்டுவதை அது நிறுத்தலாம். ஏற்கெனவே தோண்டிய வடிகாலை அடைக்க அதனால் முடியாது. வடிகால் ஒரு தனியார் நிலத்தில் இருந்தால், அதை அடைக்க அந்த நிலத்துக்குள் இறங்க வேண்டும். அடைத்தபின் அந்த நிலம் நனையும். நனைந்த நிலம் சொந்தக்காரருக்கு மேய்ச்சலுக்கும் ஆகாது, வேறெதற்கும் ஆகாது. சும்மா இரு என்று ஒருவரிடம் சொல்ல ஓர் ஆணை போதும். உன் நிலத்தை நிரந்தரமாக நீரில் மூழ்கவிடு என்று சொல்ல வேண்டுமானால் விலை கொடுத்தாக வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு எதிரான சான்று ஒன்றையும் வைத்தாக வேண்டும், ஏனெனில் அது நல்ல சான்று. லீஷ் மாவட்டத்தில் ஆபிலீக்ஸ் என்ற ஊரின் சதுப்பும் போர்ட் நா மோனாவுக்குச் சொந்தமானது. 2000-இல் வெட்டுக்கு ஆயத்தம் செய்ய இயந்திரங்கள் வந்தபோது ஊர் மக்கள் வழிமறித்தார்கள். நீண்ட பேச்சுக்குப் பிறகு நிறுவனம் தன் திட்டத்தைக் கைவிட்டு 2009-இல் வடிகால்களை அடைத்தது. 2012-இல் அந்தச் சதுப்பை 50 ஆண்டுக் குத்தகைக்கு ஊராரின் அமைப்பிடமே கொடுத்தது. இன்று அதன் பராமரிப்பும் நடைபாதையும் ஊராருடையவை. விலைக்கு வாங்கும் படலமே இல்லாமல் சதுப்பு பிழைத்தது. அப்படியானால் எல்லா இடத்திலும் இதைச் செய்யலாமே? ஆபிலீக்ஸில் கையெழுத்துப் போட வேண்டியிருந்த சொந்தக்காரர் ஒருவர்தான். நீர் முழுவதும் ஒரே உரிமையாளரின் எல்லைக்குள் இருந்தால் குத்தகையோ ஒப்பந்தமோ போதும். அங்கே அரசு பணத்தை விலைக்குச் செலவிடுவது வீண். நீரை நூறு பேர் பிரித்து வைத்திருக்கும் இடத்தில், தொண்ணூற்றொன்பது பேர் ஒப்பந்தம் போட்டு ஒருவர் மறுத்தாலும், ஒப்பந்தம் போட்டவர் ஒருவரின் மகன் பத்தாண்டு கழித்து முறித்தாலும், சதுப்பு போயிற்று. வாங்க வேண்டிய தேவை எவ்வளவு என்பதை அளக்க வேண்டுமானால், சதுப்பின் அழகையோ அரிய பறவைகளின் பட்டியலையோ பார்க்க வேண்டாம்; அதன் நீர் எத்தனை பேர் கையில் சிதறியிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அரசின் கைக்குப் போனால் மட்டும் வாழ்ந்துவிடுமா என்பது அடுத்த ஐயம். இதைக் கேட்க அயர்லாந்துக்காரர்களுக்கு முழு உரிமை உண்டு. 1946-இல் சட்டத்தால் உருவான போர்ட் நா மோனா, கட்டாய நில எடுப்பு அதிகாரத்தோடு, ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் சதுப்பைச் சேர்த்தது. அதன் பெரும்பகுதியை வடித்து, மேற்பரப்பை உரித்து, தூளாக்கி, மின் நிலையங்களுக்கு அனுப்பியது. நிலக்கரி வளமற்ற ஓர் இளம் நாட்டுக்கு அது வேலையும் வெளிச்சமும் தந்தது என்பதையும் மறக்கக் கூடாது. நடுப்பகுதி ஊர்கள் பல அதன் சம்பளத்தில்தான் நின்றன. அந்த நிறுவனமே 2021 ஜனவரியில் பீட் அறுவடையை நிறுத்திவிட்டதாக அறிவித்தது; இப்போது அரசு ஒதுக்கிய 10.8 கோடி யூரோவைக் கொண்டு, தான் வடித்த 33,000 ஹெக்டேரை நனைக்கும் பணியில் இருக்கிறது. அதாவது ஒரே சொந்தக்காரர், முதலில் அழித்தார், பிறகு மீட்கிறார். அரசுடைமை தன்னளவில் காவல் ஆகாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம். எதற்காக வாங்கினோம் என்பது பத்திரத்திலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வான்கூவருக்குத் தெற்கே உள்ள பர்ன்ஸ் சதுப்பு இதற்கு ஒரு வழியைக் காட்டுகிறது. 2004-இல் கூட்டாட்சி அரசு, மாகாண அரசு, வட்டார நிர்வாகம், உள்ளூராட்சி நான்கும் சேர்ந்து 7.3 கோடி கனடிய டாலருக்கு 2,000 ஹெக்டேருக்கும் மேல் வாங்கின. நிலத்தின் மேல் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றும் ஏற்றப்பட்டது. நால்வரில் ஒருவர் மனம் மாறினாலும் மற்றவர்கள் பிடித்து நிறுத்த முடியும். நாளைய அமைச்சரவையின் கையைக் கட்டிவைக்கும் இப்படிப்பட்ட கூட்டுப் பூட்டு அயர்லாந்தின் கொள்முதல்களுக்கும் தேவை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு நீதியைப் பற்றியது. நிலக்கிழாரிடமிருந்து போராடி வாங்கிய துண்டை, மூன்று தலைமுறை கழித்து, பறவைக்காகவும் பாசிக்காகவும் அரசு திரும்ப எடுக்கிறது என்று ஒரு விவசாயி சொன்னால் அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளக் கூடாது. தாளாண்மையால் வந்த உரிமை அது. இன்னும் கசப்பான உண்மை, சதுப்புகளை அழித்தவர்கள் கையால் வெட்டிய இந்தக் குடும்பங்களும் அவர்களின் தாத்தாக்களும் மட்டும் இல்லை. அரசின் பேரியந்திரங்களும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்துதான். விலை கடைசியில் கேட்கப்படுவதோ இவர்களிடம். ஆனால் 1980-களுக்குப் பிறகு விளிம்பிலும் கைவெட்டு மறைந்து, டிராக்டரில் பூட்டிய இயந்திரங்கள் வந்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் வாரக்கணக்கில் வெட்டியதை அவை ஒரு நாளில் பிழிந்து போட்டன. பழைய உரிமை என்பது பழைய வேகத்தோடு சேர்ந்தது. எனவே உரிமையை மதித்து விலை கொடுப்பதே நியாயம். 2011-ஆம் ஆண்டின் இழப்பீட்டுத் திட்டத்தில் எனக்கு மிகச் சரியாகப் படுவது பணம் இல்லை. ஆண்டுக்கு 1,500 யூரோ வீதம் பதினைந்து ஆண்டு என்ற தொகைக்கு மாற்றாக, ஆண்டுக்கு 15 டன் வெட்டிய பீட்டை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கித் தரும் வாய்ப்பும், காவலில் இல்லாத வேறு சதுப்பில் இடம் மாற்றித் தரும் வாய்ப்பும் அதில் இருந்தன. குடும்பம் இழப்பது அடுப்பெரியும் சூட்டை என்பதை யாரோ உணர்ந்து எழுதிய விதி அது. அதற்கும் அடுத்த படிக்குப் போயிருக்கலாம்: சுவர்களுக்கு வெப்பக் காப்பு, வேறு சூடேற்றி, அதற்கான முழுச் செலவு என்று வீட்டையே மாற்றித் தந்திருந்தால், வெட்டும் தேவையே தலைமுறைக்குள் அற்றுப்போயிருக்கும். அந்தச் செலவு நிலத்தின் சந்தை விலையைவிட அதிகமாகலாம். ஆனாலும் சதுப்பின் விலையில் அதுவும் ஒரு பகுதி.

தாமதித்து வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அயலில் பாடங்கள் உண்டு. இங்கிலாந்து அரசு பல பத்தாண்டுகளுக்கு முன் வழங்கிய அனுமதிகளின் பேரில் தோர்ன், ஹாட்ஃபீல்ட், வெட்ஹோம் சதுப்புகளில் பீட் எடுத்துவந்த ஸ்காட்ஸ் நிறுவனத்துக்கு, அந்த வெட்டை நிறுத்த, 2002-இல் 1.73 கோடி பவுண்டு கொடுத்தது. தான் கொடுத்த உரிமையையே தான் விலைக்கு வாங்கியது; அதற்குள் பல நூற்றாண்டுகளின் பீட் தோட்டத் தொட்டிகளுக்குப் போய்விட்டிருந்தது. நெதர்லாந்தில் நிலைமை இன்னும் மோசம். பார்கர்வேன் என்ற எஞ்சிய சதுப்பு, வெட்டித் தாழ்த்தப்பட்ட வயல்களுக்கு நடுவே திட்டாக நிற்கிறது. அதன் நீர் வெளியே ஓடிவிடாமல் இருக்க அதைச் சுற்றிக் கரை எழுப்ப வேண்டியிருந்தது, பிறகு விளிம்பு வயல்களையே தாங்கு மண்டலமாக மாற்ற வேண்டியிருந்தது. தம் சதுப்புகளை இழந்ததை உணர்ந்துதான் நெதர்லாந்துக்காரர்கள் 1980-களில் அறக்கட்டளை தொடங்கி, நன்கொடை திரட்டி, மூன்று ஐரிஷ் சதுப்புகளை வாங்கி அயர்லாந்து அரசிடம் ஒப்படைத்தார்கள். இழந்தவர்கள் வைத்திருப்பவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது ஐரோப்பியப் பாதுகாப்பு வரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

வாங்கியபின் செய்யும் வேலை பகட்டில்லாதது. அகலச் சங்கிலிப் பட்டை மாட்டிய தோண்டு இயந்திரம் சதுப்பின்மேல் அமிழாமல் ஊர்ந்து வரும். வடிகாலின் அருகே மேல்தோலை உரித்து ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஈரமான கறுத்த பீட்டை அள்ளி வடிகாலுக்குள் கொட்டி, வாளியின் முதுகால் அழுத்தி அழுத்திக் கெட்டிப்படுத்தும்; பிறகு உரித்த பாசித்தோலை அணையின் தலையில் திரும்பப் போர்த்தும். தரை பத்து சென்டிமீட்டர் இறங்கும் இடத்துக்கெல்லாம் ஓர் அணை. சாய்வு கூடினால் அணைகள் நெருங்கும். இயந்திரம் போக முடியாத இடத்தில் ஒன்றோடொன்று கவ்வும் பிளாஸ்டிக் பலகைகளைக் கையால் அறைந்து இறக்குவார்கள். ஐரோப்பிய நிதியில் அயர்லாந்தின் 12 சதுப்புகளில் நடந்த மீட்புத் திட்டம் ஏறக்குறைய இந்த முறையையே பின்பற்றியது. ஒவ்வோர் அணைக்கும் பின்னால் நீர் தேங்கும் பரப்பு பக்கத்து நிலத்தைத் தொடுமா என்பதுதான் பொறியாளர் முதலில் கேட்கும் கேள்வி. தொடும் என்றால், அந்த நிலம் அரசுடையதா என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அணை ஒரு படி உள்ளே தள்ளிப் போகும். அந்தப் படிக்கு வெளியே உள்ள சதுப்பு தொடர்ந்து காயும். சொத்துரிமை எவ்வளவு நேரடியாக நீர்மட்டமாகிறது என்பதை இந்த ஒரு முடிவிலேயே பார்க்கலாம்.

நனைத்த சதுப்பு மீத்தேன் விடும், அதனால் காலநிலைக்கு ஆதாயமில்லை என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. மீத்தேன் வெளிவருவது உண்மை. அது வலுவான வாயு என்பதும் உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி ஒரு பத்தாண்டு அளவில் சிதைந்துவிடும்; வடித்த சதுப்பு விடும் கரியமில வாயு நூற்றாண்டுக்கணக்கில் வளிமண்டலத்தில் சேர்ந்துகொண்டே போகும். இந்த எதிர்வாதம் குறுகிய காலக் கணக்கில் மட்டுமே நிற்கும். இதைவிட எனக்குத் தொந்தரவு தருவது வேறொன்று: ஓரிடத்தில் வாங்கிக் காத்தால் வெட்டு இன்னோரிடத்துக்கு நகரும். 2021 செப்டம்பரில், உள்நாட்டில் பெரிய அளவில் பீட் எடுப்பது சட்டச் சிக்கலில் நின்றுபோனதும், லாட்வியாவிலிருந்து 3,600 டன் பீட் கப்பலில் அயர்லாந்துக்கு வந்தது; காளான் வளர்ப்புக்கும் நாற்றங்காலுக்கும் அது தேவைப்பட்டது. ஆகவே கொள்முதல் திட்டம் எதுவும் தனித்து நிற்க முடியாது. பீட்டுக்கான தேவையும் குறைய வேண்டும். இங்கே நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஐரோப்பியத் தோட்டங்கள் பீட்டுக்கு மாற்றாக இன்று வாங்கும் முக்கியப் பொருள்களில் தென்னை நார்க்கழிவும் ஒன்று. பொள்ளாச்சியைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அது கட்டிகளாக அழுத்தப்பட்டுப் போகிறது. உப்பைக் கழுவ அதற்குப் பெருமளவு நல்ல நீர் வேண்டும். அயர்லாந்தின் சதுப்பைக் காக்கும் செலவில் ஒரு பகுதி கொங்கு நாட்டின் நிலத்தடி நீரில் ஏறிவிடாதபடி, கழுவும் நீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவதற்கான விலையையும் அந்தக் கட்டிகளின் விலையில் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்கை மீட்புச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. உழவுக்காக வடிக்கப்பட்ட பீட் நிலத்தில் 2030-க்குள் 30 விழுக்காட்டிலும், 2050-க்குள் பாதியிலும் மீட்புப் பணி நடக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அதில் ஒரு பங்கை நனைத்தே ஆக வேண்டும், ஆனால் எந்த உழவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அயர்லாந்தில் இது சதுப்பின் ஓரத்தைத் தாண்டிப் பசும்புல் மேய்ச்சல் நிலங்களுக்குள் வருகிறது. விலை பல மடங்காகும், உணர்ச்சியும் அப்படியே. விருப்பத்தின் பேரில் மட்டும் வாங்க வேண்டும் என்றால் முதல் கொள்முதலுக்கு முன்பே ஒவ்வொரு சதுப்புக்கும் நீர் வரைபடம் தயாராகி, ஊராரின் முன் வைக்கப்பட வேண்டும். எந்தத் துண்டு எத்தனை ஹெக்டேரின் நீரைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே விலை அமைய வேண்டும். அப்போது கெட்டுப்போன விளிம்புத் துண்டு, அழகான நடுத்துண்டைவிட அதிக விலை பெறும். அது நியாயமும்கூட. இதற்கிடையே இன்னொரு கணக்கு காத்திருக்கிறது. 2011-இன் இழப்பீட்டுத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர்களுக்குப் பதினைந்து ஆண்டுத் தொகை 2020-களின் நடுப்பகுதியில் தீர்கிறது. நிலத்தையும் உரிமையையும் விற்றவர்களிடம் அரசு மறுபடி பேச வேண்டியதில்லை. ஆண்டுத் தொகை பெற்றவர்களின் பட்டைகள் இன்னும் அவர்கள் பெயரிலேயே இருக்கும் இடங்களில் வடிகாலை அடைக்க வேண்டுமானால், அவர்கள் வீட்டுக் கதவைத் திரும்பவும் தட்டியே ஆக வேண்டும். இந்தமுறை கொள்முதல் விலையோடு போக வேண்டும், அதுவும் தொகை தீர்வதற்கு முன்பே.